இந்தியாவில் அவ்வளவு பேர் பயன்படுத்திய ஆர்குட் ஏன் மறைந்தது?

2004 ஜனவரியில் கூகுள் தொடங்கிய சமூக வலைத்தளமான ஆர்குட், பிரேசிலிலும் இந்தியாவிலும்தான் நன்றாக வேரூன்றியது. ஆனால் நண்பர் எப்படி இருக்கிறார் என்று அறிய, பெரும்பாலும் அவருக்கு மற்றவர்கள் சேதி எழுதும் பக்கமான ஸ்க்ராப்புக்குக்கே போய்ப் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக் 2006-இல் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்ததும் எல்லாருடைய சேதியும் நம் திரைக்கே வந்தது. என் பார்வையில் இதுதான் முக்கியக் காரணம். அப்புறம், பாதி நண்பர்கள் இடம் மாறினால் மீதிப் பேருக்கும் அங்கே வேலை இல்லை. சந்தை கலைவது போலத்தான். கூகுளும் 2011-இல் கூகுள் பிளஸ் என்ற தன் புதிய சமூக வலைத்தளத்தின் பக்கம் திரும்பியது. 2014 செப்டம்பர் 30-இல் ஆர்குட்டை மூடிவிட்டார்கள்.

எனக்கு வருத்தமெல்லாம் அதன் குழுக்களுக்காகத்தான். முன்பின் தெரியாதவர்கள் ஒரே ஆர்வத்தால் கூடி, தலைப்பு வாரியாக நிதானமாகப் பேசினார்கள். வேகமாக ஓடும் ஃபீடில் அந்த நிதானம் கிடைப்பதில்லை.