ஒஹாயோவில் மூன்று ஊர், மகளை எங்கே அனுப்புவது?

வணக்கம் சார்,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். மகளுக்கு டேட்டா சயின்ஸ் எம்எஸ் படிக்க அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து, கொலம்பஸ், சின்சினாட்டி மூன்று ஊரிலும் இடம் கிடைத்திருக்கிறது. "ஒன்றுகூடக் கேள்விப்பட்ட பெயராக இல்லையே, நியூயார்க் பக்கம் போட்டிருக்கலாமோ" என்று கவலைப்படுகிறீர்கள். கொலம்பஸில் 9 லட்சம் பேர், மற்ற இரண்டிலும் 4 லட்சம்கூட இல்லை, அப்படியென்றால் அவை சின்ன ஊர்தானே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மக்கள்தொகைக் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். அது மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் எண்ணியது. கொலம்பஸ் சுற்றுவட்டார நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டே வளர்ந்த ஊர். மற்ற இரண்டையும் சுற்றித் தனித்தனி நகராட்சிகள் எழுந்துவிட்டதால் அவற்றால் விரிய முடியவில்லை. ஜனங்கள் தினமும் வேலைக்குப் போய்வரும் வட்டாரம் முழுவதையும் எடுத்தால், மூன்றிலுமே 20 லட்சத்துக்கு மேல்.

ஊரின் பேரும் புகழும் பழைய பணத்தில் வந்தவை. உங்கள் மகளுக்கு வேண்டிய வேலை இன்றைய பணத்தில் வருவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். கிளீவ்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராக்ஃபெல்லர் 1870-ல் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியைத் தொடங்கியது அங்கேதான். எண்ணெயிலும் இரும்பிலும் சேர்ந்த செல்வத்தில் எழுந்த கலை அருங்காட்சியகத்தை இன்றும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அவ்வூர் இசைக்குழுவுக்கு உலகப் பெயர். ஆனால் 1950-ல் 9 லட்சமாக இருந்த நகரம் 2020-ல் 3.7 லட்சம்தான். ஆலைகள் போயின, அருங்காட்சியகம் நிலைத்தது. இப்போது அங்கே பெரிய அளவில் வேலை தருவது கிளீவ்லாந்து கிளினிக் என்ற மருத்துவமனை. பக்கத்திலேயே புரோகிரெசிவ் காப்பீட்டு நிறுவனம். மருத்துவத் தரவில் மகளுக்கு உண்மையாகவே ஆர்வம் இருந்தால் தாராளமாகப் போகட்டும்.

சின்சினாட்டி இன்னும் சுவாரசியமான ஊர். 1837-ல் சோப்பும் மெழுகுவர்த்தியும் விற்கத் தொடங்கிய பிராக்டர் அண்ட் கேம்பிள் அங்கே இருக்கிறது. 1930-களில் வானொலித் தொடர்களுக்குப் பணம் கொடுத்து நடத்திய சோப்பு கம்பெனிகளில் முக்கியமானது அது. தொடர்களுக்கு 'சோப் ஓபரா' என்று பெயர் வந்ததே அதனால்தான். குரோகர் என்ற பெரிய மளிகைக்கடைச் சங்கிலியின் தலைமையகமும் அங்கேதான். யார் எந்தக் கடையில் என்ன வாங்குகிறார்கள் என்று அலசுவதற்கென்றே அதற்கு ஒரு துணை நிறுவனம் இருக்கிறது, பெயர் 84.51 டிகிரி, அதாவது அந்த ஊரின் தீர்க்கரேகை. டேட்டா சயின்ஸ் படிக்கிற பிள்ளைக்கு இது சும்மா விஷயமில்லை.

படிப்பின் நடுவிலேயே கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் 'கோ-ஆப்' முறையை 1906-ல் தொடங்கியது சின்சினாட்டி பல்கலைக்கழகம். அது எம்எஸ் மாணவர்களுக்கும், மகள் சேரும் துறையிலும் உண்டா என்று இப்போதே மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். உண்டு என்றாலும் ஒரு கணக்கு இருக்கிறது: படிக்கும்போதே 12 மாதமோ அதற்கு மேலோ முழுநேரமாக அப்படி வேலை பார்த்துவிட்டால், படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓபிடி வேலை அனுமதி போய்விடும்.

அப்புறம், சின்சினாட்டியில் ஜிஇ ஏரோஸ்பேஸ் இருக்கிறதே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். விமான இன்ஜின் கம்பெனியில் ராணுவம் சார்ந்த வேலைகளுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். மாணவர் விசாவில் வருபவர்கள் அந்த ஒரு பெயரை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

கொலம்பஸுக்கு இப்படிக் கதை சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. மாநிலத் தலைநகர், பிரம்மாண்டமான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம், நேஷன்வைட் காப்பீட்டின் தலைமையகம், ஜேபி மோர்கன் சேஸ் வங்கியின் பெரிய அலுவலகங்கள். கேட்கவே சலிப்பாக இருக்கிறது, சரி. ஆனால் அரசு, வங்கி, காப்பீடு, பல்கலைக்கழகம் என்று வேலை பல கைகளில் இருக்கிறது. ஒன்று ஆளெடுப்பை நிறுத்தினாலும் இன்னொன்றின் கதவைத் தட்டலாம். பக்கத்தில் வரும் இன்டெல் சிப் ஆலையை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். 2022-ல் அறிவித்தபோது 2025-ல் உற்பத்தி என்றார்கள், இப்போது அது 2030-ஐ ஒட்டித் தள்ளிப்போயிருக்கிறது.

என் வரிசை: கொலம்பஸ், மயிரிழையில் அடுத்ததாகச் சின்சினாட்டி, பிறகு கிளீவ்லாந்து. கோ-ஆப் உண்டு என்று பதில் வந்தால் முதல் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்வேன். நியூயார்க்கை மறந்துவிடுங்கள், அங்கே வாடகைக்கே உங்கள் கல்விக் கடனில் பெரிய பங்கு போகும்.

டெபாசிட் கட்டுவதற்கு முன், மூன்று துறைகளிலும் போன வருடம் படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரிடமாவது மகள் பேசட்டும். பல்கலைக்கழகம் எவ்வளவு நல்லது என்று கேட்க வேண்டாம். கோடையில் எந்த கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்தீர்கள், விசா ஸ்பான்சர் செய்வதாகச் சொன்னார்களா என்று கேட்டால் போதும். பதில்களை எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.