எந்த ஊர்ச் சரக்கு? பழைய தோட்டா, குண்டு, பீரங்கி பற்றிய வாசகர் கேள்விகள்

கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் போட்ட குண்டின் சிதறல் என்பார்கள். உண்மையா? (வாசகர், ராயபுரம்)

துண்டின் வெளிப்பக்க வளைவைக் கேட்டால் அதுவே சொல்லிவிடும். 1914 செப்டம்பர் 22 இரவு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனில் பெரிய பீரங்கிகள் பத்து. பத்துமே 10.5 செ.மீ. வாய் உள்ளவை. ஆகவே குண்டின் வெளி ஆரம் 52 மி.மீ. அளவில் இருக்க வேண்டும்.

துண்டின் மேல் மெல்லிய கடைசல் வரிகள் தெரிந்தால், அவை ஓடும் திசையில்தான் அளக்க வேண்டும். வளைவைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து, 60 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து நேர்கோட்டால் இணையுங்கள். கோட்டின் நடுவிலிருந்து வளைவின் உச்சி எத்தனை மி.மீ. என்று பாருங்கள். எம்டன் குண்டென்றால் 9.4 வரும். நீங்கள் அனுப்பிய படத்தில் 6தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆரம் 78, அதாவது குண்டின் விட்டம் 15 செ.மீ.க்கு மேல். வெடிக்கும்போது துண்டு கொஞ்சம் விரியும்தான், ஆனால் இவ்வளவு விரிவது கஷ்டம். ஆறு அங்குல பீரங்கிக் குண்டு என்றே எனக்குப் படுகிறது. எம்டனில் அந்த அளவு பீரங்கி கிடையாது.

ஒருவேளை 9.4 வந்திருந்தாலும் நான் சட்டென்று தலையாட்டியிருக்க மாட்டேன். பிரிட்டிஷ் நான்கு அங்குலக் குண்டுக்கு 9.8 வரும். துருப்பிடித்த துண்டில் அரை மி.மீ. வித்தியாசத்தை யார் சத்தியம் செய்து சொல்வது? எழும்பூர் அருங்காட்சியகத்தில் எம்டன் குண்டின் சிதறல் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மற்றபடி, மிரட்டுகிற ஆளையெல்லாம் 'எம்டன்' என்று கூப்பிட்ட ஊரில் ஒரு குண்டுத் துண்டுக்கு அந்தக் கதை ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

தாத்தா பர்மா போர்முனையில் இருந்தவர். அவர் பெட்டியில் வெறும் தோட்டாக் கூடு ஒன்று. அடியில் கே, எஃப், நடுவில் காக்கா கால் போல ஒரு குறி, 43, ரோமன் ஏழு. ஜப்பான்காரர்களுடையதா? (வாசகி, வேலூர்)

இல்லை, நம்ம ஊர்ச் சரக்கு. கே.எஃப். என்றால் புணே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலை, இன்றைய கட்கி. காக்கா கால் என்பது பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான அம்புக்குறி. 43 என்பது 1943. ரோமன் ஏழு, .303 ரைஃபிள் தோட்டாவின் ஏழாம் மார்க், அதாவது ஏழாவது வடிவம். அதே தோட்டா இங்கிலாந்தின் வூல்விச்சில் செய்யப்பட்டிருந்தால் ஆர்.எல்., ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்கிரே என்றால் எம்.எஃப்., கனடா என்றால் டி.ஏ.சி. என்று இருந்திருக்கும்.

கூட்டுக்குள் சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள், அடியில் இரண்டு பொடித் துளைகள் தெரியும். அடியில் ஊசி குத்தியதும் எழும் தீப்பொறி மருந்துக்குப் போகும் வழி அவை. இரண்டு துளை என்றால் பெர்டான் முறை. நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர் முறை. இதில் ஒரு வேடிக்கை: பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா பாக்ஸரைப் பிடித்துக்கொண்டது, பிரிட்டிஷ் ராணுவம் பெர்டானைப் பிடித்துக்கொண்டது. பெண் மாற்றிக் கட்டிய கதைதான்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இந்த எழுத்துகள் தோட்டா பிறந்த இடத்தைத்தான் சொல்லும், சுடப்பட்ட இடத்தைச் சொல்லாது. பர்மா என்பதற்குத் தாத்தாவின் ராணுவச் சேவைப் புத்தகம் கிடைத்தால் அதுதான் சாட்சி, இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

வயலில் உழும்போது இரும்பு உருண்டை கிடைத்தது. விட்டம் சரியாக 80 மி.மீ., எடை 2.1 கிலோ. பீரங்கிக் குண்டா? (வாசகர், அரியலூர்)

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டேன். சிமெண்ட் ஆலையில் அரைக்கிற எஃகு உருண்டை அது. பழைய வார்ப்பிரும்புக் குண்டு இதே அளவில் 1.9 கிலோவைத் தாண்டாது. எஃகு என்றால்தான் 2.1 வரும். உருண்டை கணக்கைவிட எடை குறைவாக இருந்து, மேலே அடைத்த துளையும் தெரிந்தால் உள்ளே வெடிமருந்து இருக்கலாம். போலீசைக் கூப்பிடுங்கள்.

ஒரு விடுதி வாசலில் உள்ள பீரங்கியில் வி.ஓ.சி. என்று பொறித்திருக்கிறது. வ.உ.சி.யின் கப்பலில் இருந்ததாம்! (வாசகர், தூத்துக்குடி)

கதை அருமை. அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. அந்தக் கம்பெனி பிறந்தது 1602இல், தூத்துக்குடி அவர்கள் கைக்குப் போனது 1658இல். பெரிய 'வி'யின் இடது கால் மேல் 'ஓ', வலது கால் மேல் 'சி' ஏறியிருக்கும். மேலே 'ஏ' இருந்தால் ஆம்ஸ்டர்டாம் கிளை.

ஆனால் படத்தில் முத்திரை ரொம்பப் புதுசாக இருக்கிறது. வாய்க்குள் ஒரு நீளக் குச்சியை விட்டுப் பாருங்கள். இரண்டு சாண் போனதும் இடித்தால், அலங்காரத்துக்கு வார்த்தது. பின்பக்கம் மேலே திரி வைக்கும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆங்கிலேயர் பீரங்கிகளில் எடையே வெட்டியிருக்கும். 17-2-7 என்றால் பதினேழு ஹண்ட்ரட்வெயிட், இரண்டு குவார்ட்டர், ஏழு பவுண்டு. முதலாவதை 112ஆல், இரண்டாவதை 28ஆல் பெருக்கிக் கூட்டினால் 1967 பவுண்டு, ஏறக்குறைய 892 கிலோ. உருவத்தைப் பார்த்தாலே அந்த எடை இருக்காது என்று தெரிகிற பீரங்கிகளைச் சில வாசல்களில் பார்த்திருக்கிறேன்.

லண்டன் பழைய சந்தையில் வாங்கிய பித்தளைப் பூச்சாடியின் அடியில் 18, பி.ஆர். என்று இருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கலாமா? (வாசகி, ஈஸ்ட்ஹாம்)

பி.ஆர். என்றால் பவுண்டர். ஏறக்குறைய 18 பவுண்டு எடைக் குண்டை வீசும் '18 பவுண்டர்' பீரங்கியின் குண்டுக் கூடு, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை அதிகம் பயன்படுத்தியது. சி.எஃப். என்ற எழுத்தும் இருந்தால் கார்டைட் என்ற புகை குறைந்த வெடிமருந்தை முழு அளவு அடைத்தது என்று பொருள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். இருபது வயதில் இதே மாதிரி ஒரு கூட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஆழமாகக் குத்திய எழுத்துகள் தப்பின, மேலாகப் பதித்த சோதனைக் குறிகள் மங்கிப்போயின. அடியில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், எழுத்து தானாக எழும்பி வரும்.

பரணில் கையெறி குண்டு ஒன்று. அடி மூடியில் 36 எம் என்று இருக்கிறது. எந்த நாடு? (வாசகர், திருச்சி)

பிரிட்டிஷ் மில்ஸ் குண்டு. எம் என்பது மெசபடோமியா (இன்றைய இராக்), அந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் தாங்கும்படி அரக்குப் பூசிய வகை. தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் அதே மூடியில் இருக்கும், ஆனால் அதைப் படிக்க நீங்கள் குண்டைத் திருப்ப வேண்டாம். பரணை விட்டு இறங்கி, வீட்டில் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து, 112க்கு அழையுங்கள்.