பேலன்ஸில் 260 இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை: போனஸ் நிபந்தனையை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஓர் ஆன்லைன் கேசினோவில் 100 டெபாசிட் செய்தேன். "100 சதவீத வரவேற்பு போனஸ்" என்று இன்னொரு 100 சேர்த்துக் கொடுத்தார்கள். சில நாட்கள் ஸ்லாட் விளையாடினேன். இப்போது பேலன்ஸ் 260. எடுக்கப் போனால் "எடுக்கக்கூடிய தொகை 0" என்று வருகிறது. கஸ்டமர் கேரில் கேட்டேன். டெபாசிட்டும் போனஸும் சேர்த்து 35 மடங்கு வேஜரிங், அதில் இன்னும் 5,200 பாக்கி என்கிறார்கள். நான் போட்டதே 100 தானே, 5,200 எங்கிருந்து வந்தது? போனஸை ரத்து செய்ய ஒரு பட்டனும் இருக்கிறது. தொடர்ந்து விளையாடுவதா, ரத்து செய்வதா?

பதில்: முதலில் ஒரு பயத்தை விட்டுவிடுங்கள். 5,200-ஐ நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. வேஜரிங் என்பது நீங்கள் வைக்கும் பந்தயங்களின் கூட்டுத்தொகை. 1 வைத்து ஒரு சுற்று ஆடினால், ஜெயித்தாலும் தோற்றாலும் பாக்கியில் 1 குறையும். ஜெயித்த பணத்தை மறுபடி வைத்தால் அதுவும் கணக்கில் சேரும். டெபாசிட் 100, போனஸ் 100, ஆக 200. அதை 35-ஆல் பெருக்கினால் 7,000. இதுவரை 1,800-க்கு ஆடியிருக்கிறீர்கள், மீதி 5,200. அவர்கள் சொன்ன கணக்கு சரிதான்.

இதே 35 மடங்கு போனஸ் தொகைக்கு மட்டும் என்று இருந்திருந்தால் மொத்தமே 3,500 தான், சரிபாதி. விளம்பரத்தில் பெரும்பாலும் "35 மடங்கு" என்று மட்டும்தான் இருக்கும், எதன் மேல் 35 என்பது நிபந்தனைப் பக்கத்துக்குள் ஒரு வரியாக இருக்கும். போனஸ் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன்னால் அந்த வரியைத்தான் தேட வேண்டும்.

சரி, 5,200-க்கு ஆடுவதற்கு என்ன செலவாகும்? ஆமாம், செலவு என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் (சக்கரங்கள் சுழலும் ஆட்டம்) ஆர்டிபி என்று ஒரு சதவீதம் உண்டு. வைக்கும் பணத்தில் நீண்ட கால சராசரியாக எவ்வளவு ஆடுபவர்களுக்குத் திரும்பி வருகிறது என்பது அது. ஆர்டிபி 96 என்றால் 100-க்கு 4 கேசினோவுக்குப் போகிறது. 5,200-க்கு 4 சதவீதம் 208. உங்களிடம் இருப்பதோ 260. அதாவது வேஜரிங்கை முடிக்கும்போது சராசரியாகக் கையில் நிற்பது ஐம்பது சொச்சம். எல்லாருக்கும் அதே ஐம்பது வரும் என்று நினைக்க வேண்டாம். பலருக்குப் பாதி வழியிலேயே பேலன்ஸ் தீர்ந்துவிடும், சிலருக்கு முந்நூறோ நானூறோ நிற்கும். அது ஒரு தோராயக் கணக்குதான்; பாதியில் தீர்ந்தவர்கள் முழு 5,200-க்கும் ஆடுவதில்லை என்பதால், இவை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் உண்மையான சராசரி அதைவிடக் கூடும்.

எந்த போனஸையும் நான் இந்த ஒரு பெருக்கலை வைத்துத்தான் எடைபோடுவேன். முடிக்க வேண்டிய தொகையை கேசினோவின் பங்கால் பெருக்குங்கள். வரும் விடை போனஸை விடப் பெரியதாக இருந்தால், அந்த போனஸால் உங்களுக்குப் பெரும்பாலும் நஷ்டம்தான். உங்களுடையதையே எடுத்துக்கொள்ளுங்கள்: 7,000-க்கு 4 சதவீதம் 280. போனஸாகக் கிடைத்தது 100. போனஸுக்கு மட்டும் 35 மடங்கு என்றிருந்தால்கூட 140 ஆகியிருக்கும்.

இப்போது ரத்து பட்டன். அழுத்தினால் எது போகும் என்பது தளத்துக்குத் தளம் மாறும். சில இடங்களில் போனஸாகக் கொடுத்த 100 மட்டும் போகும், மீதி 160 உங்களுக்கு, இது அரிது. சில இடங்களில் போனஸும் அதை வைத்து ஜெயித்ததும் போய், டெபாசிட்டில் மிச்சம் இருப்பது மட்டும் கிடைக்கும். உங்கள் சொந்தப் பணம் முதலில் கரைந்து, பிறகுதான் போனஸ் பணத்தில் கை வைக்கும் அமைப்பாக இருந்து, அந்த 100 ஏற்கெனவே தீர்ந்திருந்தால், 260 முழுக்க போனஸ் பணமாகவே கருதப்படும். ரத்து செய்தால் ஒன்றும் வராது. "எடுக்கக்கூடிய தொகை 0" என்று காட்டுவதால் இந்தக் கடைசி வகையாக இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் வேஜரிங் முடியும்வரை டெபாசிட்டையும் சேர்த்துப் பூட்டி வைக்கும் தளங்களிலும் அப்படித்தான் காட்டும்.

எனவே பட்டனை அழுத்துவதற்கு முன் கஸ்டமர் கேரிடம் எழுத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இப்போது ரத்து செய்தால் எனக்கு எவ்வளவு எடுக்கக் கிடைக்கும்? தொகையாகவே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு, இது ஸ்டிக்கி போனஸா? ஸ்டிக்கி என்றால் வேஜரிங்கை முடித்த பிறகும் போனஸ் தொகையான 100-ஐக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். அப்படியானால் மேலே சொன்ன ஐம்பது சொச்சமும் அநேகமாகக் கைக்கு வராது. என் தீர்ப்பு இதுதான்: ரத்து செய்தால் 60, 70 கிடைக்கும் என்றால்கூட ரத்து செய்துவிடுங்கள். ஒன்றுமே கிடைக்காது என்றால், இழக்க அந்த 260-ஐத் தவிர வேறு எதுவும் இல்லை. விருப்பமிருந்தால் அதை வைத்து மட்டும் ஆடுங்கள், அது தீர்ந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

"இன்னும் கொஞ்சம் போட்டால் வேஜரிங் முடிந்துவிடும்" என்று தோன்றும்போது மட்டும் தயவுசெய்து டெபாசிட் செய்யாதீர்கள். போனஸ் விஷயத்தில் மக்கள் பெருந்தொகையை இழப்பது அங்கேதான். வேஜரிங் எவ்வளவு முடிந்தது என்று திரையில் 78 சதவீதம், 85 சதவீதம் என்று ஏறிக்கொண்டிருக்கும் அந்தப் பச்சைக் கோடு உங்கள் பணம் எவ்வளவு கரைகிறது என்பதைக் காட்டுவதில்லை. கை தானாக டெபாசிட் பட்டனுக்குப் போகிறது என்றால், கணக்கு அமைப்புகளில் டெபாசிட் வரம்பு, சுயவிலக்கு (நீங்களே கேட்டு உங்கள் கணக்கைப் பூட்டி வைப்பது) என்ற வசதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உரிமம் பெற்ற தளங்களில் பொதுவாக இருக்கும். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தொடர்ந்து ஆடுவதாக இருந்தால் சில வரிகளை இன்றே படித்துவிடுங்கள். போனஸ் ஓடும்போது ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் வைக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கும். 5 என்று வரம்பு இருந்து, ஒரே ஒரு முறை 6 வைத்துவிட்டால்கூட, ஜெயித்த மொத்தத்தையும் ரத்து செய்ய நிபந்தனையில் இடம் வைத்திருப்பார்கள். கொடுமை என்னவென்றால், பல தளங்கள் 6 வைக்கும்போது தடுப்பதில்லை. பணம் எடுக்கக் கேட்கும்போதுதான் பழைய சுற்றுகளை எல்லாம் தோண்டிப் பார்க்கின்றன. ஸ்லாட்டுக்குள் பணம் கொடுத்து ஃப்ரீ ஸ்பின் வாங்கும் வசதியும் இதில் மாட்டும், ஏனென்றால் அதன் விலை ஒரு சுற்றுப் பந்தயத்தைப் போலப் பல மடங்கு. அதைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது, எந்த விளையாட்டு எவ்வளவு கணக்கில் சேரும் என்பது. ஸ்லாட் பெரும்பாலும் முழுசாகச் சேரும். ரூலெட் (எண்சக்கரத்தில் பந்து உருட்டுவது), பிளாக்ஜாக் (சீட்டாட்டம்) போன்றவை பெரும்பாலும் 10 சதவீதம் போலத்தான் சேரும், சில இடங்களில் அதுவும் கிடையாது. "ரூலெட்டில் கேசினோவின் பங்கு குறைவு, அங்கே முடித்துவிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றைப் பூஜ்ஜிய ரூலெட்டில் கேசினோவின் பங்கு 2.7 சதவீதம் என்பது உண்மைதான். ஆனால் 10 சதவீதமே சேரும் என்றால் உங்கள் 5,200-ஐ முடிக்க 52,000-க்கு ஆட வேண்டும். அதற்கு 2.7 சதவீதம் என்றால் 1,404. சிவப்பிலும் கறுப்பிலும் ஒரே நேரத்தில் வைத்துத் தப்பிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். அதை முறைகேடான ஆட்டம் என்று சொல்லி எல்லாவற்றையும் பறிக்க இடமிருக்கிறது.

காலக்கெடுவையும் பாருங்கள். 7 நாள், 30 நாள் என்றெல்லாம் இருக்கும். சுற்றுக்கு 1 வைத்து, நிமிடத்துக்கு 10 சுற்று ஆடினால் 5,200-ஐ முடிக்க எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருக்கும் நாளில் அவ்வளவு நேரம் திரை முன்னால் உட்காரத்தான் வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட் இல்லாமல் கிடைக்கும் போனஸிலும் ஃப்ரீ ஸ்பின்னிலும் "அதிகபட்சம் எடுக்கக்கூடியது" என்று ஒரு வரம்பு இருக்கும். அந்த வரம்பு 100 என்றால், 800 ஜெயித்தாலும் 100-தான் தருவார்கள். விளையாட்டுப் பந்தயத்தில் ஃப்ரீ பெட் என்றால் வழக்கமாக வைத்த தொகை திரும்பி வராது: 10-க்கான ஃப்ரீ பெட்டை 3.0 விகிதத்தில் வைத்து ஜெயித்தால் 30 அல்ல, 20.

இந்த நிபந்தனைகள் எல்லா நாட்டிலும் ஒன்றுபோல இல்லை. பிரிட்டனில் 2018-ல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் தலையிட்ட பிறகு, ஆட்டக்காரர் தன் சொந்த டெபாசிட்டை எடுக்கப் பலமுறை ஆட வேண்டும் என்று கட்டாயப்படுத்த மாட்டோம் என்று சில பெரிய நிறுவனங்கள் எழுதிக்கொடுத்தன. 2026 ஜனவரி 19 முதல் அங்கே வேஜரிங் 10 மடங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 100 போனஸுக்கு 10 மடங்கு என்றால் 1,000, அதன் செலவு 40. அந்த போனஸுக்காவது ஒரு மதிப்பு உண்டு. சுவீடனில் 2019 முதல், உரிமம் பெற்ற நிறுவனம் ஓர் ஆட்டக்காரருக்கு முதல் முறை மட்டுமே போனஸ் தர முடியும். பல நாடுகளிலோ பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவதே சட்டவிரோதம். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன, இந்தத் தளத்துக்கு யார் உரிமம் கொடுத்தது என்பதைப் பார்த்துவிடுங்கள். உரிமம் இல்லாத தளம் என்றால் நிபந்தனையை மீறினார்கள் என்று புகார் சொல்லக்கூட இடமிருக்காது.

இன்னொரு முறை டெபாசிட் செய்யும் எண்ணம் இருந்தால், "போனஸ் வேண்டாம்" என்ற கட்டத்தைப் பணம் கட்டும் முன்பே தேர்ந்தெடுங்கள். பணமோசடித் தடுப்புக்காக டெபாசிட்டை ஒருமுறை ஆடச் சொல்வார்கள். மற்றபடி ஜெயித்ததை அப்போதே எடுக்கலாம், சுற்றுக்கு இவ்வளவு என்ற போனஸ் வரம்பும் கிடையாது.

இப்போதைக்கு நிபந்தனைப் பக்கம், பேலன்ஸ், வேஜரிங் பாக்கி மூன்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கஸ்டமர் கேர் உரையாடலையும் சேமித்துக்கொள்ளுங்கள். அடையாள ஆவணங்கள் கேட்டிருந்தால் இன்றே அனுப்பிவிடுங்கள், கடைசி நேரத்தில் அதைக் காரணம் காட்டி இழுத்தடிப்பது வழக்கம். அவர்கள் தொகையை எழுத்தில் சொன்ன பிறகு பட்டனில் கை வையுங்கள்.