ஓடூ (Odoo, கணக்கு-வியாபார மென்பொருள்) சர்வரில் வெளியிலிருந்து கோடு (நிரல்) ஓட்டுவது: கேள்வி பதில் (கேட்டவர்கள் பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர்)

கஞ்சிக்கோடு: அண்ணா, எங்க பார்ட்டிகள் பலருக்கு ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்கான 33-ல் தொடங்குது, மாநிலம் மட்டும் கேரளான்னு பதிவாகியிருக்கு. 4,000 பேர். பைத்தான் கிளையன்டிலிருந்து சர்வரிலேயே கோடு ஓட்டித் திருத்தலாமா?

பதில்: திருத்தலாம். டெவலப்பர் மோடைத் திறந்து, கான்டாக்ட் மாடலுக்கு (பார்ட்டி விவரம் இருக்கிற இடம்) பைத்தான் கோடு வகையில், சர்வரிலேயே சேமிச்சு வைக்கிற கட்டளையா ஒரு சர்வர் ஆக்‌ஷன் போடுங்க. செட்டிங்ஸ் உரிமை உள்ளவர்தான் அதில் கோடு எழுத முடியும். கிளையன்ட் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (வெளிப் புரோகிராம் சர்வரைக் கூப்பிடும் முறை) வழியா அதன் 'ரன்' மெத்தடைக் கூப்பிட்டால் போதும். கான்டெக்ஸ்டில் (அழைப்போடு போகும் கூடுதல் தகவல்) ஆக்டிவ் மாடல் (எந்த மாடல்), ஆக்டிவ் ஐடிகள் (எந்தெந்தப் பதிவுகள்) ரெண்டும் போகணும். மாடல் பெயர் பொருந்தலைன்னா 'ரெக்கார்ட்ஸ்' (திருத்த வேண்டிய பதிவுகள்) கைக்கு வராது, லூப் முதல் வரியிலேயே பிழையோட நிக்கும்.

இன்னொண்ணு: மாநிலத்தை மாத்தினாலும், போஸ்ட் பண்ணின பில்லில் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டிக்குப் பதிலா விழுந்த சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தானா மாறாது. அதைக் கிரெடிட் நோட்டில்தான் சரிக்கட்டணும்.

வாளையார்: ஒத்திகை பார்க்க வழி உண்டா?

பதில்: கோடின் கடைசி வரியில் யூசர்எரர் (ஓடூவின் பிழைச் செய்தி) எழுப்பி, எத்தனை பேர் மாறினாங்கன்னு செய்தியில் போடுங்க. எண்ணிக்கை கிளையன்டுக்கு வரும், மாற்றம் எல்லாம் ரோல்பேக் ஆகிடும் (பழையபடி திரும்பிடும்). எண்ணிக்கை சரின்னா அந்த வரியை எடுத்துடுங்க.

சித்தூர்: 'இம்போர்ட்' எழுதினா பிழை வருதே?

பதில்: சேஃப் ஈவல் (ஆபத்தான கோடைத் தடுக்கும் ஓடூவின் காவல்) விடாது. தேதி, நேரக் கணக்குக்கான டேட்டைம், டேட்யூட்டில் ஏற்கெனவே உள்ளேயே இருக்கு.

வேலந்தாவளம்: விடையை எப்படித் திரும்ப வாங்குறது?

பதில்: 'ஆக்‌ஷன்' என்ற வேரியபிளில் ஒரு டிக்‌ஷனரி வையுங்க, அதுவே திரும்பி வரும். எண், எழுத்து, லிஸ்ட் மட்டும் போடுங்க. ரெக்கார்ட்செட்டை (ஓடூ பதிவுகளின் தொகுப்பு) போட்டா எக்ஸ்எம்எல் ஆக்கும்போது பிழை விழும், ஆனா அதுக்குள்ள வேலை கமிட் (நிரந்தரமா பதிவு) ஆகியிருக்கும். தோத்துப்போச்சுன்னு நினைச்சு மறுபடி ஓட்டினா ரெண்டு தடவை நடக்கும்.

கஞ்சிக்கோடு: 4,000-ஐயும் ஒரே தடவையில் அனுப்பினேன், நடுவில் அறுந்துபோச்சு.

பதில்: ஓடூவுக்கு முன்னாடி நிக்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் காத்திருப்பு இயல்பா 60 வினாடி. மல்டி வொர்க்கர் மோடில் (பல பிராசஸ் ஓடும் முறை) ஓடூவின் இயல்பு வரம்பு சிபியு நேரம் 60 வினாடி, மொத்த நேரம் 120 வினாடி. என்ஜின்எக்ஸ் கைவிட்டாலும் உள்ளே கோடு ஓடிக்கிட்டே இருக்கலாம். 500 ஐடியாப் பிரிச்சு அனுப்புங்க, ஒவ்வொரு அழைப்பும் தனி டிரான்சாக்‌ஷன். ஏற்கெனவே சரியா இருக்கிறவங்களைத் தாண்டிப்போகிற மாதிரி கோடு இருந்தா, மறுபடி ஓட்டினாலும் கேடில்லை.

கொழிஞ்சாம்பாறை: கிளையன்டே கோடை ஸ்ட்ரிங்கா அனுப்பி ஓட்டட்டுமே சார்?

பதில்: அதுக்குச் செட்டிங்ஸ் உரிமையுள்ள ஏபிஐ கீயை (பாஸ்வேர்டு மாதிரி) கடை கம்ப்யூட்டரில் வைக்கணும். அதை எடுத்தவன் மொத்தக் கணக்கையும் எடுத்த மாதிரிதான். கோடு சர்வரிலேயே நிலையா இருக்கட்டும், மாறும் மதிப்புகளை மட்டும் கான்டெக்ஸ்டில் அனுப்புங்க. ஆக்‌ஷனில் ஒரு குரூப்பைக் குறிச்சுட்டா, அந்தக் குரூப்பில் இருக்கிற சாதாரண ஐடியே அதை ஓட்டும்.