பத்து இருபது ரயிலுக்கு ஆறு மணிக்கே போய் நிற்க வேண்டுமா?

கேள்வி: ஓகஸ்ட் கடைசியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்குக் குடும்பமாகக் காரில் போகிறோம். ஃபோக்ஸ்டனில் காலை 10.20 சட்டில் ரயிலுக்கு (காரோடு ஆட்களையும் ஏற்றிக் கடலடிச் சுரங்கத்தால் பிரான்ஸின் கலேக்குக் கொண்டுபோகும் ரயில்) புக் பண்ணியாகிவிட்டது. கணவரோ, “எயார்போட்டுக்குப் போகிற மாதிரி நாலு மணித்தியாலம் முந்திப் போக வேணும், முந்திப் போனால் முந்தின ரயிலில் ஏத்தி விடுவினம்” என்கிறார். அப்படியென்றால் பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்ப வேண்டும். இது தேவையா? (வாசகி, ஈஸ்ட்ஹாம்)

பதில்: பிள்ளைகளைத் தூங்க விடுங்கள். உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. வெள்ளனப் போனால் முந்தைய ரயில் கிடைக்கலாம், ஆனால் எவ்வளவு வெள்ளன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண டிக்கெட் என்றால் புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்துதான் செக்-இன். உங்களுக்கு அது 8.20. ஆறு மணிக்கே போய் நின்றால் அந்த நேரத்து ரயில்களுக்கான ஆட்களோடு நீங்களும் சேர்ந்து நெரிசல்படுவீர்கள், அல்லது கூடுதல் காசு கேட்பார்கள், இரண்டில் ஒன்று.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டால் நேரம் எங்கே போகிறது என்பது புரியும். செக்-இன் வாசலில் கமரா உங்கள் நம்பர் பிளேட்டைப் படித்து, திரையில் உங்கள் புக்கிங்கைக் காட்டும். முந்தைய ரயிலில் இடமிருந்தால் அதுவும் அதே திரையில் வரும், சில நேரம் சும்மா, சில நேரம் இத்தனை பவுண்ட் என்று ஒரு தொகையோடு. அவசரத்தில் தொட்டுவிடாமல் தொகையைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். அப்புறம் கண்ணாடியில் தொங்கவிட ஒரு அட்டை வரும், அதில் பெரிதாக ஓர் எழுத்து இருக்கும். அந்த எழுத்தை டெர்மினலில் உள்ள திரைகள் அழைக்கும்போதுதான் நீங்கள் எல்லைச் சோதனைக்குப் போக வேண்டும். முந்தைய ரயில் கிடைப்பது அதிர்ஷ்டம், உரிமை இல்லை. பாங்க் ஹொலிடே வார இறுதியில், அதுவும் பள்ளி விடுமுறையில், முந்தைய ரயில்களும் நிரம்பித்தான் இருக்கும், அதனால் கணவர் அதை நம்பிப் பாரிஸில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்களுக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

உண்மையில் நேரத்தை விழுங்குவது பாஸ்போர்ட் வரிசைதான். பிரிட்டிஷ் சோதனை, பிரெஞ்சுச் சோதனை இரண்டுமே ஃபோக்ஸ்டனிலேயே முடிந்துவிடும், கலேயில் இறங்கியதும் யாரும் நிறுத்தாமல் நேரே மோட்டார்வேயில் ஏறலாம். அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் முழுத் தாமதமும் இந்தப் பக்கத்தில் சேர்கிறது. 2025 ஒக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களுக்குப் புகைப்படமும் கைரேகையும் பதியும் முறையும் படிப்படியாக வந்துவிட்டது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களும் அதில் அடக்கம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை, படம் மட்டும். வீட்டில் யாராவது இன்னும் இலங்கை பாஸ்போர்ட்டில் இருந்தால் ஷெங்கன் விசா வேண்டும், லண்டனில் நிரந்தர வதிவிடம் இருப்பது அதற்கு ஈடாகாது. இதைக் கவனிக்காமல் போய் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டால், எத்தனை மணி நேரம் முந்திப் போயும் பிரயோசனமில்லை.

என் யோசனை: ஆறேகாலுக்கு வெளிக்கிடுங்கள். டார்ட்ஃபோர்ட் பாலம், எம்25, எம்20 என்று சும்மா போனால் ஒன்றரை மணித்தியாலம். (பாலத்துக்கான காசை மறுநாள் நள்ளிரவுக்குள் ஒன்லைனில் கட்டிவிடுங்கள். தேர் பார்த்த சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டு, வீடு திரும்பினால் தண்டக் கடிதம் கிடப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை.) மிச்சம் ஒரு அரை மணி நேரம் இருக்கட்டும், எம்20இல் லொறிகளை வரிசைப்படுத்தி நிறுத்தும் ஏற்பாடு இருந்தால் வேகம் விழுந்துவிடும். வழி வெறுமையாக இருந்து வெள்ளனவே வந்துவிட்டால் 11ஆம் சந்தியில் சர்வீஸ் இருக்கிறது, அங்கே நிறுத்தித் தேத்தண்ணி குடியுங்கள். அதற்கடுத்த 11ஏ டெர்மினலுக்கு மட்டுமே போகும் வழி, அதற்குள் திரும்பிவிட்டால் பிறகு யோசிக்க இடமில்லை. எட்டரைக்குள் வாசலில் நின்றால் போதும்.

செக்-இன் முடிந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கைவசம் நேரம் இருக்கிறதே என்று டியூட்டி ஃப்ரீ கடையில் வாசனைத் திரவியம் மணந்துகொண்டு நிற்பார்கள், திரையில் எழுத்து மாறி, பாஸ்போர்ட் வரிசை நூறு காராக நீண்ட பிறகு ஓடி வருவார்கள். ஒருவர் கடைக்குப் போனால் ஒருவர் திரையைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வழிச் சாப்பாட்டுக்கு மட்டன் ரோல்ஸும், அக்கா வீட்டுக்கு ஆட்டிறைச்சிக் கறியும் கொண்டு போகலாமா? (வாசகர், ஹாரோ)

பதில்: கூடாது. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகளின் கையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போக முடியாது, வீட்டில் சமைத்ததாக இருந்தாலும் சரி. பிடித்தால் குப்பைத் தொட்டிதான், அக்காவுக்கு வாசம்கூடப் போகாது. ஆகவே வெள்ளனப் போய் நிற்கும் அந்த நேரத்தில் ரோல்ஸை ஃபோக்ஸ்டனிலேயே தின்று முடித்துவிடுங்கள். வழிக்கு இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் கட்டலாம், ஆனால் மாசிக் கருவாடு போடாமல் இடித்தால் கேள்வியே வராது. திரும்பி வரும்போதும் கவனம்: 2025 ஏப்ரலிலிருந்து அங்கிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் இங்கே கொண்டுவரத் தடை இருக்கிறது. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் இறைச்சிக் கடையில் மலிவு என்று வாங்கி ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வர வேண்டாம்.

கேள்வி: கூரைமேல் பெட்டி பூட்டியிருக்கிறோம். ரயிலில் ஏற்றுவார்களா? (வாசகி, டூட்டிங்)

பதில்: ஏற்றுவார்கள், ஆனால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பெட்டியோடு சேர்த்து 1.85 மீட்டருக்கு மேல் போனால் இரண்டு தட்டு வாகனப் பெட்டிக்குள் நுழையாது, உயரமான வண்டிகளுக்கான ஒற்றைத் தட்டில்தான் இடம் வேண்டும். கார் உயரத்தை மட்டும் போட்டு புக் பண்ணியிருந்தால் இன்றைக்கே திருத்துங்கள். எல்பிஜி காஸில் ஓடும் கார் என்றால் ஏற்றவே மாட்டார்கள்.

கேள்வி: திரும்பி வரும்போது கலேயில் எந்த மணிக்குக் கணக்கு வைப்பது? அப்பாவுக்கு மூட்டுவலி, ரயிலுக்குள் இறங்கி நடக்கலாமா? (வாசகர், க்ரொய்டன்)

பதில்: டிக்கெட்டில் இருப்பது புறப்படும் இடத்து நேரம். கலேயில் மாலை 6 மணி என்றால் பிரான்ஸ் நேரம் 6, அப்போது லண்டனில் 5. ஓட்டம் 35 நிமிடம், ஆகவே 5.35க்கு ஃபோக்ஸ்டனில் இருப்பீர்கள், காரின் மணிக்கூட்டை மாற்ற மறந்தவர்களுக்கு ஆபத்து கலேப் பக்கத்தில்தான். ஞாயிறு மாலை என்றால் அங்கேயும் எட்டே கால் ரயில் ஒன்பதே கால் ஆகலாம், பாரிஸிலிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தோடு சாப்பாட்டுக்கும் நேரம் சேர்த்து வெளிக்கிடுங்கள்.

அப்பா தாராளமாக இறங்கலாம். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டால் காரின் பக்கத்தில் நிற்கலாம், நடக்கலாம். ஆனால் கார்களுக்கும் சுவருக்கும் இடையில் இடம் ஒடுக்கம், கழிப்பறையும் எல்லாப் பெட்டியிலும் இல்லை, அதனால் டெர்மினலிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள்.