வீட்டில் ஒரு கன்ட்ரி பாட்டு: ஒலிப்பதிவுக் கேள்விகள்

அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த கன்ட்ரி பாட்டு, மெட்டில் சொல்லும் கதை. கேட்பவருக்கு முதலில் சொல் புரிய வேண்டும், மற்றதெல்லாம் அதன் பிறகு. இந்த முறை வந்த கேள்விகளுக்கு அதை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

என் அறை பத்துக்குப் பத்து. ஒரே ஒரு கன்டென்சர் மைக். கிட்டாரைப் பதிவு செய்தால் பானைக்குள் வாசித்த மாதிரி இருக்கிறது. மைக்கில் பழுதா?

மைக் நன்றாகத்தான் இருக்கும். அதைக் கிட்டாரின் துளைக்கு நேராக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். துளையிலிருந்து வருவது பெரும்பாலும் கனம்தான். கழுத்து உடலோடு சேரும் இடத்தை, 12-ஆவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பக்கமாக, ஒரு சாண் தள்ளிப் பார்க்கும்படி மைக்கைத் திருப்புங்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி, மைக்கை நான்கு விரற்கடை அங்குமிங்கும் நகர்த்திக் கேளுங்கள். துளைப் பக்கம் போனால் ஒலி தடிக்கும். தலைப் பக்கம் போனால் கம்பியில் விரல் உரசும் கீச்சு கூடும். நடுவே ஓரிடத்தில், பிக் கம்பியைத் தொடும் 'டிக்'கும் மரத்தின் கார்வையும் சேர்ந்து வரும். ஸ்டாண்டின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். நாளைக்குத் தேட வேண்டியதில்லை.

அறையும் ஒரு காரணம். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸிலும் 112 ஹெர்ட்ஸிலும் ஒலி வீங்கும். கிட்டாரின் ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். அதனால் ஏ கார்டு வரும்போதெல்லாம் அறையும் கூடவே முழங்குகிறது. சதுர அறை என்பதால் இரண்டு திசையிலும் அதே வீக்கம். இந்த 112 நடு அறையில் உச்சத்தில் இருக்கும். மைக் அடுத்தடுத்த இரு சுவர்களிலிருந்தும் இரண்டரை அடியில் இருந்தால் நன்றாகத் தணியும். முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிறுத்துங்கள், பக்கச் சுவரில் கனமான போர்வை. போர்வை கீழ்ச்சுரத்தை அடக்காது, எதிரொலியின் கூர்மையை மட்டும் குறைக்கும். 1927-இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பீர், டென்னசி-வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் ஊரில், ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் கன்ட்ரியின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராஜர்ஸையும் பதிவு செய்தபோது போர்வைகளைத்தான் தொங்கவிட்டார்.

ஃபேன் சத்தத்தை எந்த பிளக்-இன் (ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் சேர்க்கும் கருவி) நீக்கும்?

ஃபேனை நிறுத்துங்கள். விடியற்காலை நான்கரைக்கு உட்கார்ந்தால் வெக்கையும் இல்லை, வாகனமும் இல்லை. காக்கைகள் எழுவதற்குள் மூன்று டேக் முடிந்துவிடும். அறையின் வெப்பம் மாறினால் கம்பியின் சுருதியும் நகரும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் டியூன் செய்யுங்கள்.

ஸ்ட்ரம்மிங்கை இரண்டு முறை பதிவு செய்து இடமும் வலமுமாக வைத்தேன். கனம்தான் கூடியது. கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரத்துப் பதிவுகளில் கேட்கும் அந்த மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது?

நீங்கள் ஒரே பாகத்தை இருமுறை வாசித்திருக்கிறீர்கள், அதனால் ஒரே கனம் இருமடங்கானது. அங்கே இரண்டாவது கிட்டாரில் கம்பியையே மாற்றிவிடுவார்கள். 12 கம்பி கிட்டாருக்கான செட் ஒன்று வாங்கி, அதிலுள்ள மெல்லிய கம்பிகளை எடுத்து, கீழ் நான்கு கம்பிகளை (ஈ, ஏ, டி, ஜி) ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்ப்பது. மற்ற இரண்டும் வழக்கம்போல. இதற்கே 'நாஷ்வில் டியூனிங்' என்று பெயர். தனியாகக் கேட்டால் மெலிந்து இருக்கும். சாதாரண கிட்டாரோடு சேர்ந்தால் பளபளக்கும்.

இன்னொரு கிட்டார் இல்லையென்றால் கேப்போ (கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கவ்வி) போதும். முதல் டேக்கை ஜி, சி, டி என்று திறந்த கார்டுகளில் வாசியுங்கள். இரண்டாவதுக்கு 5-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி, ஜி, ஏ வடிவங்களைப் பிடியுங்கள். அதே கார்டுகள், ஆனால் உயரத்தில்.

பெடல் ஸ்டீல் வாசிப்பவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. சாஃப்ட்வேரில் வரும் ஒலி பொம்மை போல இருக்கிறது.

அதில் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வழி கிடைக்கும். கிடையாக வைத்து, கம்பி மேல் எஃகுத் துண்டை வழுக்கி, பெடல் மிதித்துச் சுருதியை மாற்றும் கிட்டார் அது. பத்துக் கம்பி, ஈ9 சுருதி. ஒரு சுரம் அசையாமல் நிற்கும்போதே பக்கத்துச் சுரம் வழுக்கி ஏறும், அழுவது போலக் கேட்பது அதனால்தான். கூடவே வால்யூம் பெடல், மீட்டும் அடியை மறைத்து ஒலியை நீட்டிக்கொண்டே போகும்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் இதை நெருங்க முடியும். முதல் இரண்டு கம்பிகளையும் 15-ஆம் ஃப்ரெட்டில் பிடித்து, மூன்றாம் கம்பியை 14-இல் வைத்து மூன்றையும் மீட்டுங்கள். மூன்றாவதை மட்டும் ஒரு முழுச் சுரம் மெதுவாக வளைத்து ஏற்றுங்கள். தொங்கிக்கொண்டிருந்த கார்டு ஜி மேஜராக வந்து அமரும். மேலே இரண்டும் அசையக் கூடாது, அதற்குத்தான் பயிற்சி வேண்டும். சுண்டுவிரலால் வால்யூம் குமிழைத் திறந்தபடி செய்தால் இன்னும் நெருக்கம்.

வெளியூர்க் கலைஞரிடம் வாசித்து வாங்குவதென்றால் கார்டுகளை எண்ணில் எழுதி அனுப்புங்கள்: 1, 4, 5 (ஜி-யில் பாடினால் ஜி, சி, டி). 1950-களின் பிற்பகுதியில் ஜார்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் தொடங்கி, சார்லி மெக்காய் போன்ற ஸ்டுடியோ கலைஞர்கள் பரப்பிய நாஷ்வில் எண் முறை இது. நம் ஸ-ரி-க-ம போலத்தான், பாடகர் சுருதியை மாற்றினாலும் தாளில் எதையும் மாற்ற வேண்டாம்.

டிரம்ஸ் இல்லாமல் முடியுமா?

தாராளமாக. கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் மெம்ஃபிஸில் சன் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய காலத்தில், கிட்டார் கம்பிகளுக்கு இடையே காகிதத்தைச் செருகி ஸ்நேர் டிரம் போலச் சரசரக்க வைத்தார். ஒரு தாளை மடித்துச் செருகிப் பாருங்கள்.

எல்லாம் பதிவாகிவிட்டது. ஆனால் மிக்ஸில் குரல் முன்னால் வர மறுக்கிறது. ஏற்றினால் தனியாகத் துருத்துகிறது.

குரலைத் தொடுவதற்கு முன், அது பாடும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஃபிடிலும் எலெக்ட்ரிக் கிட்டாரும் வரிகளின் மேல் வாசித்தால், அந்த இடங்களில் நிறுத்திவிடுங்கள். வரி முடிந்து பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிதான் அவற்றின் இடம். கிட்டார்களில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள், மெய்யெழுத்துகள் வெளியே வரும்.

பிறகு கம்ப்ரெஸருக்கு (உரத்த இடங்களைத் தானாக அடக்கும் கருவி) முன்னால் கையாலேயே சமப்படுத்துங்கள். நண்பர் ஒருவரின் பாட்டில் முதல் வரியின் கடைசிச் சொல்லை அவர் மூச்சோடு மூச்சாக விட்டிருந்தார். முழுக் குரலையும் ஏற்றி ஏற்றிப் பார்த்து ஒரு மாலை போயிற்று. கடைசியில் அந்த ஒரு சொல்லை மட்டும் 2 டெசிபல் தூக்கினேன். அதுவரை வெறும் விவரமாகக் கேட்ட வரி, வலியாகக் கேட்டது. இப்படி வரி வரியாகப் போங்கள். அதன் பிறகு 3:1 அளவில் கம்ப்ரெஸர் 3 டெசிபல் பிடித்தாலே போதும்.

துருத்தலுக்கு நீண்ட ரிவெர்ப் (பெரிய கூடத்தில் ஒலி தங்குவது போன்ற முழக்கம்) மருந்தாகாது, கதையைத் தூரமாக்கிவிடும். சன் ஸ்டுடியோவில் அதன் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் இரண்டு டேப் மெஷின்களை வைத்துச் செய்த 'ஸ்லாப்பேக்'கை முயலுங்கள்: சுமார் 120 மில்லிசெகண்டு டிலே (தாமதித்துத் திரும்பும் ஒலி), ஒரே ஒரு முறை திரும்பினால் போதும், அதன் மேல்ஒலியை மழுக்கி. அது இருப்பதே தெரியாத அளவில் வையுங்கள். அணைத்தால் மட்டும் ஏதோ குறைந்தது போல இருக்க வேண்டும்.

ஆட்டோ-டியூன் (சுருதியைத் தானாகத் திருத்தும் சாஃப்ட்வேர்) போடலாமா?

தவறிய ஒரு சுரத்தைத் திருத்துங்கள். கீழிருந்து வழுக்கிச் சுரத்துக்கு வந்து சேரும் இடங்களைத் தொடாதீர்கள்.

போனில் கேட்டால் பேஸ் காணாமல் போகிறது.

போனின் சிறிய ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. பழைய நாஷ்வில் பதிவுகளில் பெரிய மர பேஸின் சுரங்களையே, உள்ளங்கையால் கம்பியை அமுக்கியபடி ஆறு கம்பி எலெக்ட்ரிக் பேஸிலும் வாசிப்பார்கள், 'டிக்-டாக்' பேஸ் என்பார்கள். நீங்கள் எலெக்ட்ரிக் கிட்டாரின் தடித்த கம்பிகளில், பிரிட்ஜ் அருகே உள்ளங்கையை வைத்து, பேஸ் வாசித்ததையே ஒரு ஸ்தாயி மேலே வாசித்து மெல்லியதாகச் சேருங்கள். தனியாகக் காதில் விழாத அளவு போதும். பிறகு போனில் மறுபடி கேட்டுப் பாருங்கள்.