புதன்கிழமை வரும் பில்டு

அன்புள்ள ஐயா,

காசிமேட்டு மீனை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஓர் ஆப்புக்கு டெஸ்டராக இருக்கிறேன். இரண்டு வார ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலை). இரண்டாம் வாரம் புதன் மாலைதான் பில்டு (சோதிக்கத் தயாரான ஆப்) கைக்கு வருகிறது, வெள்ளிக்கிழமை டெமோ. பக் (கோளாறு) தப்பிவிட்டால் டெஸ்டர்களைப் பார்த்து ‘க்யூஏ என்ன பண்ணீங்க?’ என்கிறார்கள். டெஸ்டிங்கை மட்டும் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளலாம் என்கிறார் மேனேஜர். சரிவருமா?

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

சரிவராது. டெவலப்பர் அடுத்த ஸ்டோரியில் (ஆப்பில் சேர்க்க வேண்டிய ஒரு வசதியில்) மூழ்கியிருக்கும்போது பழைய பக்கோடு போய் நிற்பீர்கள், இரண்டும் அரைகுறையாகும். ஸ்பிரிண்ட் முறைக்கான கையேடான 2020 ஸ்க்ரம் கைடில் டெஸ்டர் என்று தனிப் பொறுப்பே கிடையாது. ‘டெஃபனிஷன் ஆஃப் டன்’ (வேலை முடிந்தது என்று சொல்வதற்கான அளவுகோல்) எட்டாத வேலையை ஸ்பிரிண்ட் ரிவ்யூவில், அதாவது உங்கள் வெள்ளிக்கிழமை டெமோவில், காட்டவே கூடாது என்கிறது அது. அந்த டெஃபனிஷனில் டெஸ்டிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பில்டுக்குக் காத்திருக்காமல் ஸ்டோரிகளைப் பேசித் தெளிவாக்கும் ரிஃபைன்மென்ட் மீட்டிங்கிலேயே கேள்வி கேளுங்கள். ‘ஒரு கிலோ வஞ்சிரம் ஆர்டர் செய்யலாம்’ என்று ஸ்டோரி வருகிறது. ஒரு கிலோ என்பது வெட்டுவதற்கு முன்பா, சுத்தம் செய்த பின்பா? தராசில் 940 கிராம் நின்றால் மீதிப் பணம் எப்போது திரும்பும்? 500 ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம் என்றால், சரியாக 500க்கு? எடை குறைந்து பில் 500க்குக் கீழே இறங்கிவிட்டால்? காசிமேட்டில் நின்று மீன் வாங்கியவருக்கு இதெல்லாம் சட்டென்று தோன்றும். ஓஎம்ஆர் ஐடி ஆபீஸில் உட்கார்ந்து கோட் எழுதுகிறவருக்குத் தோன்ற வேண்டும் என்பதில்லை. ஆப்பில் என்ன வேண்டும் என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனர் சொல்லும் பதில்களை எண்களோடு ஸ்டோரியின் அக்செப்டன்ஸ் கிரைட்டீரியாவில் (ஏற்பு நிபந்தனைகளில்) ஏற்றிவிடுங்கள். கோடிங் அதற்குப் பிறகுதான்.

எட்டு நாள் ஸ்டோரி எட்டாம் நாள்தான் உங்களிடம் வரும். இரண்டு நாளில் முடிகிற மாதிரி உடைக்கச் சொல்லுங்கள்.

எடைக்கு விலை போடும் கணக்குக்கு டெவலப்பரே யூனிட் டெஸ்ட் (அந்தத் துண்டுக் கோடை மட்டும் தானாகச் சோதிப்பது) எழுதட்டும். ஆர்டர், ரீஃபண்ட் டெஸ்ட் எல்லாம் ஏபிஐ மட்டத்தில், அதாவது ஸ்கிரீனைத் தொடாமல் சர்வரிடமே கேட்டு. ஸ்கிரீன் வழியாக ஓடும் டெஸ்ட் கொஞ்சம் போதும். அவை ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில் என்றால் ரீரன் கொடுத்துக் கடந்துவிடாதீர்கள். பெரும்பாலும் யாராவது ‘5 விநாடி காத்திரு’ என்று ஸ்லீப் போட்டிருப்பார்கள், அல்லது இரண்டு டெஸ்ட் ஒரே யூசரில் ஓடும்.

மிச்ச நேரத்தில் கையால் நோண்டுங்கள். யூபிஐ பின் போட்டதும் நெட்டை அணையுங்கள். பணம் போய், ஆப் ஃபெயில் என்று காட்டி, மறுபடி அழுத்தினால் ஆர்டர் ஒன்றா, இரண்டா? இரண்டு முயற்சிக்கும் ஒரே ஆர்டர் எண் போகிறதா என்று லாகில் (சர்வர் பதிவில்) பாருங்கள்.

மேனேஜர் ‘க்யூஏ சைன்-ஆஃப்’ (வெளியிடலாம் என்ற ஒப்புதல்) மெயில் கேட்டால், எதைச் சோதித்தோம், எதைத் தொடவில்லை என்று மட்டும் எழுதுங்கள். ரிலீஸ் பண்ணுவதா வேண்டாமா என்பது ப்ராடக்ட் ஓனர் பாடு.